நினைப்பவர்கள் மாணவிகள், சாகிறவர்கள் மாணவர்கள்: இந்தக் கணக்கு சரிதானா?

வாசகர் கேள்வி, 2 செப்டம்பர் 2025

கல்லூரிகளில் எடுக்கும் கருத்தாய்வுகளில் தற்கொலை எண்ணம் மாணவிகளுக்கே அதிகம் என்று வருகிறது. போலீஸ் கணக்கிலோ இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அப்படியானால் பெண்கள் சொல்கிறார்கள், ஆண்கள் செய்கிறார்கள். மாணவிகள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதானே பொருள்?

2 செப்டம்பர், இரவு

இல்லை. முதல் இரண்டு வாக்கியங்களைப் பிறகு அலசலாம். கடைசி வாக்கியத்தை இப்போதே குப்பையில் போடுங்கள். ஒரு முறை முயன்று பிழைத்தவருக்குப் பின்னாளில் ஆபத்து கூடுதல் என்பது இந்தத் துறையில் யாரும் மறுக்காத செய்தி. சொன்னவரை "சும்மா சொல்கிறாள்" என்று தள்ளிவிட்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

நான் மனநல மருத்துவர் அல்ல. பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன், நிகழ்தகவும் புள்ளியியலும் என் தலையில் விழும் தாள். பெண்கள் விடுதியில் சில ஆண்டுகள் வார்டனாக இருந்தேன். இப்போது மெக்கானிக்கல் மாணவர்களுக்கு டியூட்டர், அதாவது அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாசிரியர், ஆகவே சுற்றிலும் பையன்கள். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன்.

3 செப்டம்பர்

நீங்கள் சொல்லும் முரணை 1998இல் கனெட்டோ, சாகினோஃப்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் பாலின முரண்புதிர் என்று எழுதி வைத்தார்கள். எண்ணமும் முயற்சியும் பெண்களிடம் அதிகம், மரணம் ஆண்களிடம் அதிகம். அதன் பிறகு எல்லாப் பாடநூல்களும் அதையே ஒப்பிக்கின்றன. ஆனால் அந்த இருவர் அதே கட்டுரையில் இதை இயற்கை விதியாகச் சொல்லவில்லை. இடத்துக்கு இடம், பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்றே சொன்னார்கள். 1990களின் சீனாவில் பெண்களின் தற்கொலை விகிதம் ஆண்களைவிட அதிகமாக இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் செய்த ஆய்வு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 10 முதல் 19 வயது வரை, ஒரு லட்சம் பேருக்கு ஓர் ஆண்டில் தற்கொலை மரணம்: பையன்கள் 58, பெண்கள் 148. எண்ணம் அல்ல, மரணம். அங்கே கணக்கெடுத்தவர்கள் போலீஸார் அல்லர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள். அவர்களுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும், என்ன நடந்தது என்பதும் தெரியும்.

"பெண்கள் சொல்வதோடு சரி" என்பவர்களை வேலூருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும்.

4 செப்டம்பர்

மதுரை வாசகர் ஒருவர், போலீஸ் பதிவுகளைத் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணைப் போட்டு, "2022இல் 13,044 பல்கலைக்கழக மாணவர்கள்" என்று எழுதியிருக்கிறார். எண் சரி, பெயர்ப்பலகை தவறு. அந்த அறிக்கையில் 'மாணவர்' என்றால் பள்ளி, பயிற்சி மையம், கல்லூரி எல்லாம் ஒரே கட்டத்தில் கிடக்கும். கல்லூரியை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. மேடையில் பேசுகிறவர்கள் அதை அப்படியே கல்லூரிக் கணக்காக்கிவிடுகிறார்கள்.

ஆனாலும் அந்தக் கட்டத்துக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவான தற்கொலைகள் 1,70,924. அதில் ஆண்கள் ஏறத்தாழ 72 விழுக்காடு, பெண்கள் 28. மாணவர் கட்டத்தில் மட்டும் ஆண்கள் 6,930, பெண்கள் 6,114. அதாவது 53க்கு 47. உயர்கல்விச் சேர்க்கையை எடுத்துப் பாருங்கள்: 2021-22இல் மொத்தம் 4.33 கோடி, அதில் பெண்கள் 2.07 கோடி. 52க்கு 48. பள்ளிச் சேர்க்கையிலும் ஏறத்தாழ அதே விகிதம்தான்.

சேர்க்கை 52க்கு 48, மரணம் 53க்கு 47. இதை என் மாணவரிடம் கொடுத்தால் "வேறுபாடு இல்லை மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஊரெல்லாம் சொல்லும் பெரிய ஆண்-பெண் இடைவெளி மாணவப் பருவத்தில் போலீஸ் கணக்கிலேயே கிட்டத்தட்ட காணாமல் போகிறது. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் (ஆண்கள் 7,396, பெண்கள் 5,693) நெருங்கிக்கொண்டும் வருகிறது. ஓர் ஆண்டு மாற்றத்தை வைத்துப் போக்கு என்று சொல்ல மாட்டேன், அது எங்கள் தொழில் ஒழுக்கம். ஆனால் கேள்வி கேட்டவரின் "ஆண்கள் செய்கிறார்கள்" என்ற பாதி இங்கே நிற்கவில்லை.

5 செப்டம்பர்

ஆசிரியர் தின வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. பரிசாகப் பேனா கிடைத்தது, அது எழுதவில்லை.

6 செப்டம்பர்

அந்த 53க்கு 47ஐப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். அது இன்னும் ஏதோ ஒன்றை மறைக்கிறது.

விடுதியில் இருந்தபோது, இரண்டாம் ஆண்டு முடிந்து விடுமுறைக்குப் போன ஒரு பெண் திரும்பி வரவில்லை. நன்றாகப் படிக்கும் பெண். மாமா மகனோடு திருமணம், பிறகு புகுந்த வீட்டிலிருந்து படிப்பைத் தொடரலாம் என்று பேச்சு. தொடரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு, ஓரத்தில் 'நீக்கம்'. அந்தக் கோட்டைப் போட்டது நான்தான், அலுவலகச் சுற்றறிக்கைப்படி. அவள் நலமாக இருக்கிறாள், பயப்படாதீர்கள். போன தீபாவளிக்கும் பேசினாள். ஆனால் ஒருவேளை அவளுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் எந்தக் கட்டத்தில் எண்ணியிருப்பார்கள்? 'மாணவர்' கட்டத்தில் அல்ல. 'இல்லத்தரசி' கட்டத்தில்.

2022இல் இறந்த 48,172 பெண்களில் இல்லத்தரசிகள் 25,309. பாதிக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் சில மாதங்களுக்கு முன்புவரை கல்லூரி அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் என்பதை எந்தக் கட்டமும் சொல்லாது. பையன் படிப்பை விட்டால் பெரும்பாலும் வேலையில்லாதவன் அல்லது தினக்கூலி ஆவான். பெண் விட்டால் மனைவி ஆவாள். எனவே மாணவர்களை மட்டும் எண்ணி ஆண்-பெண் ஒப்பீடு செய்வதில், கல்லூரியில் நிலைத்த பெண்களை மட்டுமே எண்ணுகிறோம்.

காரணப் பட்டியலைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: அதே அறிக்கையில் 'குடும்பப் பிரச்சினை' 31.7 விழுக்காடு, 'நோய்' 18.4. நம் செய்தித்தாள்களின் 'தீராத வயிற்றுவலி' உங்களுக்கு நினைவிருக்கும். இளம்பெண் என்றால் வயிற்றுவலி, பையன் என்றால் தேர்வு பயம் அல்லது காதல் தோல்வி. விசாரணை முடிவதற்குள் காரணத்தை அச்சடித்துவிடுவார்கள். ஒரே ஒரு காரணத்தால் யாரும் அந்த இடத்துக்குப் போவதில்லை.

10 செப்டம்பர்

இன்று உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். எங்கள் கல்லூரியில் விழிப்புணர்வுக் கோலப் போட்டி. மாணவிகள் கோலம் போட்டார்கள், மாணவர்கள் பக்கெட்டில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். பாலின வேறுபாடு பற்றிய இழையில் இதைப் பதிவு செய்யாமல் விட மனம் வரவில்லை.

முதல் பரிசு சிவில் துறைக்கு. கோலம் அழகாகத்தான் இருந்தது.

11 செப்டம்பர்

கருத்தாய்வு எப்படி எடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் ஒன்றில் உடனிருந்தேன். அதைச் சொன்னால் முதல் கேள்வியின் மறுபாதியும் புரியும்.

கருத்தரங்கக் கூடம். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாள், உலகமெங்கும் புழங்குவது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் என்று கேட்கும்: ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறத்தாழ தினமும். ஒன்பதாவது கேள்விதான் சாவைப் பற்றியது. மாணவிகள் தாளை மடித்து, கையால் மறைத்து, ஒவ்வொன்றாக டிக் செய்தார்கள். சிலர் அடித்துத் திருத்தினார்கள். கடைசி வரிசைப் பையன்களில் ஒருவன் முதல் கட்டத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அவனும் இழுத்தான். அடுத்தவனும். ஒன்பது கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை'. தூக்கமின்மை இல்லை, களைப்பு இல்லை. உள்தேர்வு வாரத்தில்!

அந்தக் கோடு போட்ட தாள்களை எல்லாம் பூச்சியம் என்று கணினியில் ஏற்றினால் என்ன வரும்? 'மாணவிகளுக்கு எண்ணம் அதிகம்' என்று வரும்.

தாள்களை அடுக்கும்போது, கோடு இழுத்த ஒன்றின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "தூக்கம் வருவதற்கு என்ன செய்வது?" பெயர் எழுத வேண்டாம் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். யார் என்று தேட வழியில்லை. பெயரில்லாமல் கேட்டால் உண்மை வரும், உதவி போய்ச் சேராது. பெயரோடு கேட்டால் உதவி போகும், உண்மை வராது. அடுத்த முறை தாளின் அடியில் "யாரேனும் என்னோடு பேச வேண்டும்" என்று ஒரு கட்டமும், விரும்பினால் கைபேசி எண் எழுத இடமும் சேர்த்தோம். இருக்கைகளுக்கு நடுவே ஓர் இருக்கை காலியாக விட்டோம். அவ்வளவுதான் மாற்றம். கோடு இழுப்பது குறைந்தது. எண் எழுதிக் கொடுத்தவர்களில் பையன்களும் இருந்தார்கள்.

13 செப்டம்பர்

நேற்றிரவு ஒரே வரியில் "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று எழுதிப் போனவருக்கு.

படித்தேன். எழுதியது நல்லது. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை, அது இப்போது தேவையில்லை. இந்த இழை ஓர் உரையாடல், இதில் நான் உடனே கைகொடுக்க முடியாது. 14416 அழையுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கான தொண்டு நிறுவனமான சென்னை ஸ்நேகா 1986 முதல் இந்த ஒரே வேலையைச் செய்து வருகிறது: 044-24640050. இலங்கையில் இருந்தால் 1926. இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். அறைத் தோழரிடமோ அக்காவிடமோ "எனக்குச் சரியில்லை, கொஞ்ச நேரம் கூட இரு" என்று மட்டும் சொன்னாலும் போதும், விளக்கம் தர வேண்டியதில்லை. இந்த எண்ணம் அலைபோல் ஏறி இறங்கும். ஏறியிருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும்.

முடிந்தால் பேசிவிட்டேன் என்று ஒரு சொல் போடுங்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை.

13 செப்டம்பர், மாலை

ஒரு சொல் வந்திருக்கிறது. நன்றி. மற்றவர்கள் அவரைத் துருவிக் கேள்வி கேட்க வேண்டாம்.

14 செப்டம்பர்

"ஆலோசகர் அறை எங்கள் கல்லூரியில் உண்டு" என்று பெருமையாக எழுதியவரே, அது எங்கே இருக்கிறது? எங்கள் கல்லூரியில் முதல்வர் அறைக்கும் கட்டணப் பிரிவுக்கும் நடுவில் வைத்தார்கள். செமஸ்டர் கட்டண வரிசை அந்தக் கதவைத் தாண்டித்தான் நிற்கும். உள்ளே போகிறவனை இருநூறு பேர் பார்ப்பார்கள். மாணவிகள் இருவர் இருவராகச் சேர்ந்து போய்விடுவார்கள், ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. பையன் தனியாகத்தான் போக வேண்டும், போக மாட்டான். பிறகு "ஆண்கள் உதவி நாடுவதில்லை" என்று கட்டுரை எழுதுவோம்.

ஆலோசனைப் பெட்டியும் ஒன்று உண்டு. பூட்டு இருக்கிறது, சாவியைக் காணோம்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்று நெறிமுறை தந்திருக்கிறது. அறை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

18 செப்டம்பர்

'பையன்களுக்குச் சோர்வே வராது, கோபம்தான் வரும்' என்று ஒருவர் கிண்டலாக எழுதியிருந்தார். கிண்டல் பாதி, உண்மை பாதி. 2013இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மனச்சோர்வின் வழக்கமான அறிகுறிகளோடு கோப வெடிப்பு, போதை, கண்மூடித்தனமான துணிச்சல் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினார்கள். ஆண்கள் 30.6 விழுக்காடு, பெண்கள் 33.3. இடைவெளி ஏறத்தாழ மறைந்துவிட்டது. அழுகையை மட்டும் அளந்தால் அழ அனுமதி உள்ளவர்களே கணக்கில் வருவார்கள்.

டியூட்டராக என் பொறுப்பில் இருந்த ஒரு பையன். அரியர் ஏழு. பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் பறப்பான், வகுப்பில் வம்பு, இரண்டு முறை இடைநீக்கம். நாங்கள் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு ஒன்று தடிமனாக வளர்த்தோம். ஒருநாள் மெஸ் கட்டணச் சலுகைப் படிவத்தோடு வந்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் நின்றான். "வேறு என்ன?" என்றேன். "ஒன்றும் இல்லை மேடம்." போகவில்லை. படிவத்தின் மூலையை மடித்து மடித்து அது கிழியும் நிலைக்கு வந்துவிட்டது. "செத்துப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டேன். அவன் திடுக்கிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பாவின் கடன், தங்கையின் கல்லூரிக் கட்டணம், வீட்டில் எல்லோரும் இவனுடைய பிளேஸ்மென்டை நம்பிக் காத்திருப்பது எல்லாம் அதன் பிறகுதான் வெளியே வந்தது. மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நானும் உடன் போனேன். இன்று ஓசூரில் வேலையில் இருக்கிறான்.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமே என்று உங்களில் பலர் கேட்பீர்கள். இல்லை. 2014இல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குக் கேட்பதால் எண்ணம் கூடுவதாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அந்தப் பயம்தான் ஆசிரியர்களின் வாயைக் கட்டுகிறது.

21 செப்டம்பர்

"போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஆகவே வெளியே சொல்லக்கூடாது" என்று எழுதிய பெற்றோருக்கு: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு போய்விட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் மிரட்டுவதற்காக முயல்வது மட்டும் விதிவிலக்கு. மருத்துவமனையில் காவல் துறைக்குத் தகவல் போகலாம், அதற்காகப் பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். பெண் பிள்ளை என்றால் 'வரன் தட்டிப்போகும்' என்று மறைப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த மறைப்பும் கணக்கில் ஒரு குறைவுதான்.

2 அக்டோபர்

2023ஆம் ஆண்டுக்கான குற்ற ஆவண அறிக்கை இப்போதுதான் வந்திருக்கிறது. மொத்தம் 1,71,418, மாணவர்கள் 13,892. மாணவர் எண்ணிக்கை மறுபடி ஏறியிருக்கிறது. ஒட்டுமொத்தத்தில் ஆண்கள் 72.8, பெண்கள் 27.2.

இதை எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, ஆண்கள்தான்' என்று வருகிறவர்கள் செப்டம்பர் 4, 6 குறிப்புகளை முதலில் படிக்கவும்.

9 அக்டோபர்

கேள்வி கேட்டவரே திரும்பி வந்து, "அப்படியானால் பாலின வேறுபாடே இல்லை என்கிறீர்களா?" என்கிறார். அப்படிச் சொல்லவில்லை. என்ன பாரம் அழுத்துகிறது என்பதில் வேறுபாடு உண்டு. விடுதியில் நள்ளிரவில் என் கதவைத் தட்டிய பெண்களிடம் நான் கேட்டவை: திருமண ஏற்பாடு, முன்னாள் காதலன் கையில் இருக்கும் புகைப்படம், வேறு சாதிப் பையன், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற நடுக்கம். பையன்களிடம் கேட்டவை: அரியர், கடன், வேலை, எல்லோர் முன்னாலும் தோற்றுவிட்டேன் என்ற அவமானம். சொல்லும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஆனால் யாரைக் கேட்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்கும் அளவுகோலாக அது உதவாது. உதவாத இடத்தில்தான் நீங்கள் அதைப் பயன்படுத்தப் பார்த்தீர்கள்.

எட்டு நாடுகளில் ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது, இந்தியா அதில் இல்லை. எப்போதாவது இந்த எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்கு அது 16 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. அதாவது, முதலாண்டு வகுப்பில் பெட்டி படுக்கையோடு இதையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு போன்று எதிர்பாலீர்ப்பு அல்லாத ஈர்ப்புள்ள மாணவர்களிடம் இது தெளிவாகக் கூடுதல்.

இன்னொன்று. 2022 அறிக்கையில் திருநர் மரணங்கள் நாடு முழுவதும் 28. இருபத்தெட்டு! பிணத்துக்கு எந்தப் பாலினம் எழுதுவது என்று தீர்மானிப்பது குடும்பமும் காவல் நிலையமும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணும் சொல்லாது. எங்கள் வினாத்தாளிலும் 'ஆண் / பெண்' என்று இரண்டே கட்டம் இருந்தது, இப்போது மூன்றாவதும் உண்டு, 'சொல்ல விருப்பமில்லை' என்று நான்காவதும் உண்டு.

11 அக்டோபர்

முனைவர் பட்ட ஆய்வுக்காக எங்கள் தாள்களின் மூலத் தரவைத் துறைவாரியாக, ஆண்-பெண் வாரியாகப் பிரித்துக் கேட்டவருக்கு: தர முடியாது. கல்லூரியின் அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் பெண்கள் நான்கே பேர். 'மெக்கானிக்கல், பெண், ஒன்பதாவது கேள்விக்கு ஆம்' என்று ஒரு வரிசை உங்கள் அட்டவணையில் இருந்தால், அந்தத் துறையில் படித்த எவருக்கும் யார் என்று தெரிந்துவிடும். துறையையும் ஆண்டையும் நீக்கிய மொத்தத் தொகை போதுமானால் உங்கள் வழிகாட்டியின் கடிதத்தோடு எழுதுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்.